ஒற்றை விளக்கில் ஓடிய 19 நாட்கள்

(நம் சங்கத்தின் சென்ற காலாண்டுக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசித்த பிறகு, சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் ஏ.எம்.சி. பற்றி முக்கால் மணி நேரம் சண்டை போட்டுக் களைத்திருக்கிறீர்கள். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பஸ் டெப்போவில் 31 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி பஸ் டெப்போவுக்குத் திரும்பினால், டிரைவர் சீட்டில் "ஹெட்லைட் டல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். காலையில் முதல் டிரிப் எடுப்பதற்குள் அதைச் சரி செய்ய வேண்டும். எத்தனை ஆயிரம் பல்பு மாற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கு தெரியாது. அப்படிப்பட்டவன் என் சொந்தக் காரில் ஒரு பல்பு மாற்ற முடியாமல், 19 நாள் ஒற்றை விளக்கில் ஓட்டி, ஒரு பையனைக் கீழே தள்ளிவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன மார்கழியில் வலது பக்க ஹெட்லைட்டில் டிம் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. சரி, பத்து நிமிட வேலை என்று பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். விளக்குக்குப் பின்னால் பார்த்தால் கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்றும் குழாய், அதற்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டி, நடுவில் மூன்று விரல் போகிற இடுக்கு. என் கை உள்ளே போகவில்லை. என் மனைவி கை சின்னது என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் கை போயிற்று, ஆனால் உள்ளே இருக்கிற கம்பி ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்து அழுத்தித் தள்ளத் தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. "என்னங்க, இதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க இல்ல, அவங்ககிட்ட விடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இங்கேயே நாலு பேர் அதே கார் வைத்திருக்கிறீர்கள். "சார், பம்பரைக் கழட்டித்தான் எடுக்கணும்" என்றார்கள். இரண்டு பல்பு 580 ரூபாய், கூலி 1,850, கழட்டும்போது உடையும் கிளிப்புகளுக்கு 210, வரியோடு 3,115 ரூபாய். 290 ரூபாய் பல்புக்கு 1,850 கூலியா, அதுவும் எனக்கா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பணம் இல்லாமல் இல்லை. வீம்புதான் காரணம். நானே மாற்றிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன். அப்புறம் பொங்கல் வந்தது, பேரன் வந்தான், நாள் ஓடிப்போயிற்று. இன்னொரு விளக்கு எரிகிறதே என்று ஒரு சமாதானம் வேறு.

பத்தொன்பதாம் நாள் காலை 4.45 மணி. மகளை அழைத்து வரத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நம் பின் கேட்டைத் தாண்டியதும் இருக்கிற சந்தில், எதிரே பால் பாக்கெட் கிரேட்டோடு ஒரு பையன் இரு சக்கர வண்டியில் வருகிறான். நான் இடது ஓரமாகத்தான் போனேன், வேகமும் இல்லை. ஆனால் அவன் நேராக என் காரின் வலது மூலைக்கு வந்தான். கண்ணாடியில் அவன் ஹேண்டில் பாரும் கையும் மோதி, வண்டி சாய்ந்தது. ரோடெல்லாம் பால். முழங்கையில் நாலு தையல். தலையில் அடிபடவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

அவன் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டக்கூட இல்லை. "சார், நான் பைக்குன்னு நெனச்சேன் சார்" என்றான்.

யோசித்துப் பாருங்கள். இருட்டில் அவன் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு விளக்கு. 2017 ஏப்ரல் முதல் விற்கிற இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒற்றை விளக்கு வந்தால் டூ வீலர் என்று நம் எல்லோருடைய கண்ணும் பழகிவிட்டது. என் காரில் எரிந்தது இடது விளக்கு. அதற்கு வலப்பக்கம், ரோட்டின் நடுப்பக்கமாக, இன்னும் நாலரை அடி கார் இருட்டில் வந்துகொண்டிருக்கிறது. அந்த நாலரை அடியைக் காலி ரோடு என்று நினைத்து அவன் உள்ளே வந்தான். இடது விளக்கு போயிருந்தால் இந்த அளவு ஆபத்து இல்லை. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால், வலது விளக்குதான் எதிரே வருபவனுக்கு நம் காரின் எல்லையைக் காட்டுகிறது. 31 வருடம் விளக்கோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரிச் செலவையும் பால் காசையும் கொடுத்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. என் கண்ணாடிக்கு மட்டும் 4,200 ரூபாய் ஆயிற்று.

அன்று சாயங்காலமே மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒரு கார் எலெக்ட்ரீஷியனிடம் போனேன். சின்னப் பையன், என் பேரன் வயதுக்குக் கொஞ்சம் கூட. ஸ்டீயரிங்கை முழுசாக இடது பக்கம் திருப்பினான். வலது சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பில் மூன்று கிளிப்பை எடுத்து மடக்கினான், அந்த வழியாகக் கையை விட்டான். இருபது நிமிடம். இரண்டு பக்கமும் பல்பு மாற்றி 300 ரூபாய் கூலி. பம்பரைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த கையேட்டைப் பிரித்தேன். அதே முறை அதில் படம் போட்டு இருக்கிறது! ஆறு வருடமாக அந்தப் புத்தகத்தை நான் திறந்ததில்லை. நீங்கள்?

பழைய அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். ஏழு அங்குல வட்ட விளக்கு, சுற்றிலும் ஒரு வளையம், ஒரு ஸ்குரு டிரைவர். டெப்போ பஸ்ஸிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அப்புறம் வந்தது எச்4 பல்பு, 1971-ல் ஐரோப்பாவில் அறிமுகமானது. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழை, பின்னால் மூன்று பின். காருக்கு 12 வோல்ட்டில் 60/55 வாட், பஸ்ஸுக்கு 24 வோல்ட்டில் 75/70 வாட். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் இன்றைக்கும் அதுதான். உங்கள் காரில் எச்4 இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இப்போது ஏன் இவ்வளவு கஷ்டம்? வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கு வட்டமாக இருந்த காலம் போய், பானெட் ஓரமாக மேலேறி சக்கரம் வரை நீள்கிறது. எஞ்சின் அறை சுருங்கிவிட்டது, அதற்குள் அடைக்கிற சாமான் கூடிவிட்டது. தொழிற்சாலையில் பம்பர் மாட்டுவதற்கு முன்னால் முன்பக்கத்திலிருந்து விளக்கைப் பொருத்துகிறார்கள், அங்கே அது சுலபம். நம்மிடம் வரும்போது பம்பரும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. ஆனால் இது தவிர்க்க முடியாத விஷயமும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா. வாகன விதிகளில் 48-ஆம் எண் விதி, சாதாரண இழை பல்பு போடுகிற விளக்காக இருந்தால், அதை நிபுணர் உதவி இல்லாமல், வண்டியோடு கொடுத்த கருவியை மட்டும் வைத்து மாற்ற முடிய வேண்டும் என்கிறது. அப்படி ஒரு விதி எழுத வேண்டிய நிலை வந்தது என்பதே கதையைச் சொல்கிறது.

பல்பு வாங்கும்போது நம் ஆட்கள் செய்கிற ஒரு தப்பு, "இன்னும் பிரைட்டா குடுப்பா" என்று 100/90 வாட் வாங்குவது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஹோல்டரும் வயரும் 55, 60 வாட்டுக்குச் செய்தவை. கொஞ்ச நாளில் ஹோல்டர் பழுப்பாகி உருகும், பிரதிபலிக்கிற உட்பூச்சு கருகும். அப்போது பல்பு இல்லை, விளக்கையே மாற்ற வேண்டும். பல்பை மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். ஹாலோஜன் பல்பின் கண்ணாடி பயங்கரச் சூட்டில் வேலை செய்வது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகம் சூடேறி, சீக்கிரம் போய்விடும். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்றின் பின்னால் இன்னொன்று போகும். கூலியும் ஒரே தடவையோடு முடிந்தது.

இன்னொன்று, நம் பேஸ்மென்ட்டுக்கே உரியது. புதுப் பல்பு போட்டும் எரியவில்லை என்றால் பல்பைத் திட்டாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் வயரை எலி கடித்திருக்கிறதா பாருங்கள். பி பிளாக்கில் போன வருடம் இரண்டு காரில் அதுதான் நடந்தது. தூண் ஓரமாகப் பூனைக்குச் சோறு வைக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தச் சோறு எலிக்கும் போகிறது.

இப்போது எல்.இ.டி. புது கார் வாங்கியவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், வெள்ளை வெளேர் என்று வெளிச்சம். நல்ல விஷயம்தான். மின்சாரம் கொஞ்சம், ஆயுள் அதிகம். ஆனால் பல வண்டிகளில் அதில் பல்பு என்றே ஒன்று இல்லை. எல்.இ.டி. பலகை, அதை ஓட்டுகிற சர்க்யூட், பின்னால் சூட்டை இழுக்கிற அலுமினியத் தகடு, முன்னால் பிளாஸ்டிக் மூடி எல்லாம் ஒட்டிய ஒரே பெட்டி. பலகையில் ஒன்று போனாலும், உள்ளே தண்ணீர் புகுந்தாலும், முழுப் பெட்டியை மாற்றச் சொல்வார்கள். நம் வளாகத்திலேயே ஒரு வீட்டில் வாரண்டி முடிந்த நாலாம் மாதம், பகலில் எரிகிற கோடு மட்டும் அணைந்துவிட்டது. சொன்ன விலை ஒரு பக்கத்துக்கு 46,000 ரூபாய். அவர் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு சவரன் வாங்கக் காசு சேர்க்கிற மாதிரி விளக்குக்குச் சேர்க்கணுமா?" என்றார்.

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பெட்டியைச் சூடாக்கிப் பசையை இளக்கி மூடியைத் திறந்து, பலகையை மட்டும் பழுது பார்த்துத் திரும்ப ஒட்டிக் கொடுக்கிற ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள். செலவு மிகவும் குறைவு. ஆனால் திரும்ப ஒட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. சரியாக ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் உள்ளே மீன் வளர்க்கலாம். வாரண்டி இருக்கிற வண்டியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வாரண்டி முடிந்திருந்தால், ஆறு மாதமாவது எழுத்தில் உத்தரவாதம் கொடுப்பவரிடம் கொடுங்கள். புதுப்பேட்டையில் பழைய விளக்கு கிடைக்கும், எடுப்பதற்கு முன் பேட்டரி வைத்து எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். சில புது வண்டிகளில் வேறு விளக்கு மாட்டினால் வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஏற்காது, அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் கொடுக்காதா என்று கேட்பீர்கள். தானாகப் பழுதானதற்குக் கொடுக்காது. இடித்து உடைந்தால் கொடுக்கும், ஆனால் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகம் என்று பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். இப்போது ஹெட்லைட்டின் மூடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்தான். பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்கிற தேய்மானம் கழிக்காத பாலிசி இருந்தால் அந்தக் கழிவு இல்லை. எல்.இ.டி. விளக்கு வண்டிக்கு முதல் ஐந்து வருடம் அதை எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

உதிரிப் பாகத்துக்காகக் கம்பெனி சர்வீஸ் சென்டரையே நம்பி இருக்க வேண்டிய நிலை பற்றி நம் நாட்டிலேயே பெரிய வழக்கு நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் கார்களும் ஒரு பிரிவு. இதெல்லாம் மெதுவாக நகரும். அதுவரைக்கும் நம் கையில் இருப்பது, கார் வாங்கும்போது கேட்பதுதான். மைலேஜ் கேட்கிறோம், சன் ரூஃப் கேட்கிறோம். ஷோரூமில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, "ஹெட்லைட் போனா எப்படி மாத்தறது, என்ன விலை?" என்று யாராவது கேட்டோமா? என் மருமகன் போன மாதம் கேட்டான். விற்பனைப் பையன் பத்து நிமிடம் போன் பேசிவிட்டு வந்தான், ஆனால் விலை சொன்னான். அந்த விலையைப் பார்த்துவிட்டு, ஹாலோஜன் விளக்கு வருகிற கீழ் வேரியன்ட்டை எடுத்தான். ஊர் அவனைக் கஞ்சன் என்கிறது.

கடைசியாக, கண் கூச்சம். இதற்குத்தான் என்னிடம் அதிகம் புகார் வருகிறது, குறிப்பாக நம் பேஸ்மென்ட் சரிவில். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த விளக்கில், அதே பின்னில் மாட்டுகிற எல்.இ.டி. பல்பைப் போடுகிறார்கள். விளக்கின் உள்வளைவு, பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கும் என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லு அந்த இடத்தில் அதே வடிவில் இருப்பதில்லை. வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. நமக்கு பிரைட், அவருக்கு இருட்டு. மத்திய மோட்டார் வாகன விதி 106 என்ன சொல்கிறது தெரியுமா? விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்றால் நடந்து வருகிற ஒரு மனுஷனின் கண். நம் வாட்ச்மேனின் கண். அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டினார்களே, அது இதற்காகத்தான்.

எல்.இ.டி. மாட்டாதவர்களும் கொஞ்சம் பாருங்கள். பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு அருகே 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது ஏ.சி.யோ பாட்டோ இல்லை, விளக்கை ஏற்றி இறக்குவது. 0 என்றால் உயரம், 3 என்றால் தாழ்வு. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் ஊர்ச் சாமானும் இருந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். அப்போது 2-லோ 3-லோ வைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டோம்?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் அறைப் பக்கச் சுவர் வெறுமையாக இருக்கிறது, அதற்கு முன்னால் தரையும் மட்டமாக இருக்கிறது. சுவரிலிருந்து 5 மீட்டரில் தரையில் ஒரு கோடு போட்டு, காரை அங்கே நிறுத்தி டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் நடுவைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். 1 சதவீதக் கணக்கு. பல விளக்குகளின் மேல் அந்த 1% என்பதே அச்சிட்டிருக்கும். சுவரில் உயர அளவுக் கோடுகளை நான் என் கையால் போட்டுத் தருகிறேன், பெயின்ட் டப்பா மட்டும் சங்கம் வாங்கித் தந்தால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஆறரைக்கு நான் அங்கே இருப்பேன். டயரில் காற்று சரியாக வைத்துக்கொண்டு வாருங்கள். வண்டியை நிறுத்தி டிம், பிரைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். எது எரியவில்லை என்று தனியாகப் பார்க்க முடியாது, இன்னொருவர் கண் வேண்டும். எச்4 வண்டி என்றால் பல்பை அங்கேயே மாற்றிவிடலாம், என் கை போகிற இடுக்காக இருந்தால்.

போகாவிட்டால், அந்தச் சின்னப் பையன் கடை நம்பர் என்னிடம் இருக்கிறது. பால் போடுகிற பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் வண்டியில் பின் விளக்கு எரியவில்லை.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது.